வாயிலில் நிற்கும் ஒலிநாடா: இலத்திரனியல் நடன இசையில் மாதிரிப் பதிவும் உற்பத்தி உறவும்

1

கலைப்படைப்புக்களின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அவை வெளிவந்த நாளிலிருந்தே தம் ஆய்வைத் தொடங்குகின்றனர். நூலாயின் அது அச்சேறிய ஆண்டும், இசையாயின் தட்டு வெளிவந்த ஆண்டும் தொடக்கப் புள்ளிகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால், ஆக்கம் முடிவுற்ற கணத்துக்கும் அது வெளியாகும் கணத்துக்கும் இடையே ஒரு காலம் உண்டு. படைப்பாளர் தம் ஆக்கத்தைக் கையில் ஏந்தியவாறு, அதனை வெளியிடும் வல்லமை உடையோர் முன் நிற்கும் காலம் அது. அக்காலத்தில் நிகழ்வன பெரும்பாலும் எழுத்தில் பதிவாவதில்லை. ஆயினும், கலைக்கும் மூலதனத்துக்கும் இடையிலான உறவு எத்தன்மையது என்பதை நாம் தெளிவாகக் காணக்கூடிய இடம் அதுவே.

இலத்திரனியல் நடன இசையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த இடைக்காலத்தை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்துறையில் ஈடுபட்டோர் தாம் ஆக்கிய இசையை இசைத்தட்டுக் கம்பனிகளின் பரிசீலனைக்கு அனுப்புகின்றனர். இவ்வாறு அனுப்பப்படும் பதிவு தொழில்வழக்கில் 'டெமோ' எனப்படும். இதனை நாம் மாதிரிப் பதிவு என வழங்குவோம். அது கசெற்றாக, குறுந்தட்டாக, இன்று இணைய இணைப்பாக வடிவம் மாறி வந்துள்ளது. ஆனால் வடிவ மாற்றத்தோடு உறவும் மாறியதா என்பதே நம் முன்னுள்ள வினா.

இவ்வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. முன்னர் இசைப்பதிவுக்குப் பெரும் பணமும் பெருங்கூடமும் வேண்டியிருந்தன. இன்று ஒரு மடிக்கணினி போதும். எனவே இசை ஜனநாயகப்பட்டுவிட்டது என்பது அவ்விடை. இதில் பாதி உண்மையுண்டு. உற்பத்திச் சாதனங்கள் உழைப்போர் கைக்கு வந்தன என்பது அந்தப் பாதி. வெளியீட்டுச் சாதனங்களும் உரிமையும் யார் கையில் இருந்தன என்னும் மறுபாதியை அவ்விடை தொடுவதில்லை. அந்த மறுபாதியை நிரப்புவதற்கு நாம் வரலாற்றுக்குச் செல்ல வேண்டியுள்ளது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் அவசியம். றொக் இசைக்குழு ஒன்று கம்பனிக்கு அனுப்பிய மாதிரிப் பதிவு ஏறத்தாழ ஒரு வரைவு போன்றது. கம்பனி அதை விரும்பின் முன்பணம் கொடுத்து, குழுவை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, பாடல்களை மீண்டும் பதிவு செய்விக்கும். கேட்கப்பட்ட பொருளும் விற்கப்பட்ட பொருளும் வெவ்வேறானவை. நடன இசையிலோ நிலைமை வேறு. பொறிகளின் துணையுடன் வீட்டறையில் ஆக்கப்பட்ட நாடாவே பெரும்பாலும் தட்டில் ஏறியது. மாதிரியென அனுப்பப்பட்டது முடிவுற்ற பண்டமே. கம்பனி ஒரு சதமேனும் செலவிடுமுன்னரே உற்பத்தி நிறைவுற்றிருந்தது. இவ்வேறுபாடு பின்வருவனவற்றுக்கெல்லாம் அடிப்படையாகும்.

2

1979ஆம் ஆண்டு யூலை 12ஆம் திகதி சிக்காகோ நகரின் கொமிஸ்கி விளையாட்டரங்கில், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் தூண்டுதலால், டிஸ்கோ இசைத்தட்டுக்கள் பெருங்குவியலாக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கறுப்பின மக்களும் இலத்தீன அமெரிக்க வழியினரும் தன்பாலீர்ப்பினரும் வளர்த்த ஒரு கலைவடிவத்தின் மீதான வெறுப்பும் அந்நிகழ்ச்சியில் கலந்திருந்தது என்பதைப் பின்வந்த ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். அதனையடுத்துப் பெருங்கம்பனிகள் நடன இசையிலிருந்து விலகலாயின. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நகரின் தென்பகுதியிலிருந்த விஸ்கொன்சின் உருக்காலை மூடப்பட்டு, ஏறத்தாழ 3,400 தொழிலாளர் வேலையிழந்தனர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று காரணமும் விளைவுமாக அமைந்தவை எனக் கூறுவது மிகையாகும். ஆனால் ஹவுஸ் இசையை உருவாக்கிய இளைஞர்கள் இவ்விரு சூழல்களிலும் வளர்ந்தவர்கள்.

அவர்கள் கையிலெடுத்த கருவிகளின் வரலாறும் கவனத்துக்குரியது. யப்பானிய றோலன்ட் கம்பனி 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்கு விட்ட டி.பி.-303 என்னும் பொறி, தனித்துப் பயிலும் வாத்தியக்காரருக்குப் பக்கத்துணையாகத் தாழ்சுரம் இசைக்க உருவாக்கப்பட்டது. அது சந்தையில் தோல்வியுற்று, 1984ஆம் ஆண்டளவில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. டி.ஆர்.-808 என்னும் தாளப்பொறியின் உற்பத்தியும் 1983இல் நின்றது. தோல்வியுற்ற பண்டங்களாதலால் அவை பழைய பொருட் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. முதலாளித்துவம் பயனற்றவையெனக் கழித்துவிட்ட பொறிகளிலிருந்தே, அது பயனற்றோரெனக் கழித்துவிட்ட மக்களின் பிள்ளைகள் ஒரு புதிய இசையை உருவாக்கினர்.

இவ்விசையாளரின் வர்க்க நிலை தெளிவானது. 'மூவ் யுவர் பொடி' என்னும் புகழ்பெற்ற ஆக்கத்தை 1986இல் தந்த மார்ஷல் ஜெபர்சன் அஞ்சலகத்தில் இரவுவேலை பார்த்தவர். அவரும் அவரையொத்தவர்களும் வீட்டில் பதிவு செய்த நாடாக்களை முதலில் கொண்டுசென்றது எந்தக் கம்பனிக்குமன்று, நடனக்கூடத்துக்கே. மியூசிக் பொக்ஸ் என்னும் கூடத்தில் றொன் ஹார்டி என்னும் டி.ஜே. இசைத்தட்டுக்களோடு இளைஞர் தந்த நாடாக்களையும் கலந்து ஒலிக்கச் செய்தார். பியூச்சர் என்ற குழுவினர் மேற்கூறிய டி.பி.-303இன் திருகுகளைத் தாறுமாறாகத் திருகி எழுப்பிய விநோத ஒலியை நாடாவிற் பதித்து அவரிடம் கொடுத்தனர். ஹார்டி அதனை ஒரே இரவில் நான்கு முறை ஒலிக்கச் செய்ததாக அக்குழுவினர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளனர். முதன்முறை ஆடுவோர் தளத்தைவிட்டு விலகினர்; நான்காம் முறை ஆரவாரித்தனர். அந்த ஆக்கம் தட்டாக வெளிவருமுன்னரே கூடத்தினர் அதற்குப் பெயரிட்டுவிட்டனர். 1987இல் 'அசிட் ட்ராக்ஸ்' என்ற பெயரில் அது வெளியாயிற்று.

இந்நிகழ்ச்சியை நாம் சுவையான ஒரு கதையாக மட்டும் கொள்ளலாகாது. இங்கே மாதிரிப் பதிவைப் பரிசீலித்தது ஒரு சமூகம். ஒரு தனிமனிதர் நாடாவைத் தெரிந்தார் என்பது உண்மையே. எனினும் தீர்ப்பு ஆடுவோரின் உடல்களிலிருந்து வந்தது. முதல் தீர்ப்பை மாற்றிக்கொள்வதற்கான வாய்ப்பும் அதே இரவில் அவர்களுக்குக் கிடைத்தது. படைப்பாளரும் நுகர்வோரும் ஒரே வர்க்கத்தினராக, ஒரே அறையினராக இருந்த நிலையில் மட்டுமே இத்தகைய விமர்சனம் சாத்தியமாகும்.

ஆனால் கூடத்துக்கு அப்பால் இன்னொரு வாயில் இருந்தது. இசைத்தட்டு அச்சிடும் ஆலை ஒன்று லரி ஷெர்மன் என்பவரின் உடைமையாக இருந்தது. 1984இல் ஜெசி சோண்டர்ஸ் வெளியிட்ட 'ஒன் அன்ட் ஒன்', முதல் ஹவுஸ் தட்டுக்களுள் ஒன்றெனக் கருதப்படுவது, அவ்வாலையிலேயே அச்சிடப்பட்டது. ஷெர்மன் தாமே ட்ரக்ஸ் என்னும் கம்பனியையும் நடத்தலானார். மேற்கூறிய ஜெபர்சனின் தட்டும் பியூச்சரின் தட்டும் அக்கம்பனியின் வெளியீடுகளே. பழைய தட்டுக்களை உருக்கிப் பெற்ற வைனலில் அவை அச்சிடப்பட்டதனால் இரைச்சல் மிகுந்திருந்தன என்று அன்றைய வாங்குநர் குறைகூறினர். ஆலையுடையவரே வெளியீட்டாளராகவும் அமைந்தபோது, எத்தனை பிரதிகள் அச்சாயின, எத்தனை விற்றன என்பதை அறிய இசையாளருக்கு வழியிருக்கவில்லை.

பெயருரிமையும் இவ்வாறே நழுவியது. ஜேமி பிரின்சிப்பிள் ஆக்கிய 'யுவர் லவ்' தட்டாக வெளிவருமுன் ஆண்டுக்கணக்கில் நாடா வடிவில் நடனக்கூடங்களில் ஒலித்தது. 1987இல் ட்ரக்ஸ் அதனை வெளியிட்டபோது தட்டில் முதன்மைபெற்ற பெயர், அதனை ஒலிக்கச் செய்த டி.ஜே. பிரான்கி நக்கிள்ஸின் பெயரே. கேட்பித்தவரின் பெயர் ஆக்கியவரின் பெயரை மறைத்தமைக்கு இது ஒரு சான்று.

லரி ஹேர்ட், றொபேட் ஓவன்ஸ் ஆகிய இருவரும் தம் ஆக்கங்களுக்குரிய றோயல்டி தமக்கு வழங்கப்படவில்லை எனக் கூறி, 2020இல் ட்ரக்ஸ் கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 2022இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி அவ்வாக்கங்களின் உரிமை அவர்களிடம் மீண்டது. அதே ஆண்டில் ஜெபர்சன் உள்ளிட்ட வேறு இசையாளர் பலரும் அதே கம்பனிக்கு எதிராக நீதிமன்றம் சென்றனர். இருபது வயது இளைஞராக நாடாவைக் கையளித்தவர், அறுபதை எட்டும்போதே அதனைத் திரும்பப் பெற்றார். அவ்விடைக்காலத்தில் அந்த இசை உலகெங்கும் ஒலித்தது.

3

சிக்காகோவின் அனுபவத்தோடு டெற்றோயிற் நகரின் அனுபவத்தை ஒப்பிடுதல் பயனுடையது. 1950இல் ஏறத்தாழ 18.5 இலட்சமாக இருந்த அந்த மோட்டார் வாகன நகரின் சனத்தொகை, 1980இல் ஏறத்தாழ 12 இலட்சமாகக் குறைந்திருந்தது. அங்கு டெக்னோ இசையை உருவாக்கியோர் தொடக்கத்திலேயே வேறொரு வழியைத் தெரிந்துகொண்டனர். யுவான் அட்கின்ஸ் 1981இல் தம் குழுவின் முதல் தட்டைத் தமது சொந்த முத்திரையிலேயே வெளியிட்டார். 1985இல் மெற்றோபிளெக்ஸ் என்னும் கம்பனியைத் தொடங்கினார். டெறிக் மே ட்ரான்ஸ்மற் கம்பனியையும், கெவின் சோண்டர்சன் கே.எம்.எஸ். கம்பனியையும் அடுத்தடுத்து நிறுவினர். கெல்லி ஹான்ட் என்ற பெண் இசையாளர் 1990இல் தமக்கெனத் தனிக் கம்பனி தொடங்கியமை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஆண்களின் நட்பு வட்டங்களூடாகவே நாடாக்கள் கைமாறிய ஒரு துறையில், வாயிலில் காத்திராது தாமே வாயிலமைத்தவர் அவர்.

இவ்வழியின் அரசியற் பொருளை மிகத் தெளிவாக உணர்ந்தோர் அண்டர்கிரவுண்ட் றெசிஸ்டன்ஸ் குழுவினர். மைக் பாங்ஸ், ஜெப் மில்ஸ் ஆகியோர் தொடங்கிய இக்குழு, பெருங்கம்பனிகளின் உதவியை நாடாமையையே தன் கொள்கையாக அறிவித்தது. தட்டுக்களை ஆக்கியதோடு அமையாது, 1992இல் சப்மேர்ஜ் என்னும் விநியோக அமைப்பையும் அந்நகரில் உருவாக்கியது. விநியோகம் பிறர் கையிலிருப்பின் உற்பத்தி தன் கையிலிருந்தும் பயனில்லை என்பதை நடைமுறையில் கண்டறிந்தோர் அவர்கள். 1999இல் இக்குழு சார்பில் வெளிவந்த 'நைட்ஸ் ஒவ் த ஜாகுவார்' ஐரோப்பாவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. உரிமம் கிடைக்காத நிலையில் சோனி கம்பனியின் ஜெர்மன் கிளை அவ்விசையைப் பிரதிபண்ணிய வேறொரு பதிவை வெளியிட முற்பட்டது. இதற்கெதிராக உலகின் பல பாகங்களிலிருந்தும் இசை ரசிகர்கள் குரல் எழுப்பினர்.

ஆயினும், டெற்றோயிற் வழியை இலட்சியமாக்கிக் காட்டுவது வரலாற்றுக்கு மாறாகும். 1988இல் டெற்றோயிற் டெக்னோவை உலகறியச் செய்த தொகுப்பு பிரித்தானியாவில், வேர்ஜின் கம்பனியின் கிளையொன்றினால் வெளியிடப்பட்டது. சொந்தக் கம்பனி வைத்திருந்தோரும் ஐரோப்பியச் சந்தையையும் அங்குள்ள உரிமம் பெறுவோரையும் சார்ந்தே வாழ நேர்ந்தது. அதுமட்டுமன்று, இசையாளர் கம்பனி உரிமையாளராகியதும் அவர் முன்னும் மாதிரி நாடாக்கள் குவியத் தொடங்கின. நேற்று வாயிலில் நின்றவர் இன்று வாயிற்காவலரானார். இது தனிமனித நேர்மையின் குறைபாடன்று. சிறுவுடைமை, தான் எதிர்த்த உறவுகளைத் தன்னுள்ளேயே மீளத் தோற்றுவிக்கும் இயல்புடையது என்பதற்கு இது மற்றுமோர் எடுத்துக்காட்டு.

4

அத்திலாந்திக்கின் மறுகரையில், இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், இதே நாடகம் வேறோர் அரங்கில் நடந்தது. அதுவும் உருக்குத் தொழிலின் வீழ்ச்சியால் நலிந்த நகரே. 1989இல் அங்கு ஓர் இசைத்தட்டுக் கடையைச் சார்ந்து வார்ப் கம்பனி தோன்றியது. அதன் முதல் வெளியீடான 'ட்ராக் வித் நோ நேம்' 500 பிரதிகளே அச்சிடப்பட்டது. அதை ஆக்கிய குழு தனக்குச் சூட்டிக்கொண்ட போர்ஜ்மாஸ்ரர்ஸ் என்னும் பெயர், அந்நகரின் உருக்கு நிறுவனம் ஒன்றின் பெயரே. தந்தையர் தலைமுறையின் தொழிலகப் பெயரை மைந்தர் தலைமுறை தன் நடன இசைக்குச் சூட்டியமை பொருள் பொதிந்தது.

வார்ப்பின் தொடக்க முதல் எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. வேலையற்றோர் சுயதொழில் தொடங்கினால் வாரம் 40 பவுண் வழங்கும் திட்டமொன்றைத் தாட்சர் அரசாங்கம் நடைமுறைப்படுத்தி வந்தது. வேலையற்றோர் தொகையைக் கணக்கிற் குறைத்துக் காட்டுவதற்கான உபாயம் என அன்று விமர்சிக்கப்பட்ட அத்திட்டத்தின் உதவிப்பணம் இக்கம்பனியின் தொடக்கத்துக்குத் துணைபுரிந்தது. தொழிற்சங்கங்களை ஒடுக்கிய ஓர் அரசின் பணத்தில் ஒரு பண்பாட்டு நிறுவனம் முளைத்தமை வரலாற்றின் முரண்களில் ஒன்று. ஆனால் முரணின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். அத்திட்டம் வேலையற்ற இளைஞரைத் தொழிலாளராகக் கருதவில்லை. ஒவ்வொருவரையும் ஒரு சிறு முதலாளியாகக் கற்பித்தது. கூலி கேட்கும் உரிமையின் இடத்தில் முயற்சி செய்யும் சுதந்திரத்தை வைத்தது. இன்று மாதிரிப் பதிவு அனுப்பும் இளைஞருக்கு வழங்கப்படும் அறிவுரைகள் அனைத்திலும் இக்கற்பிதமே தொடர்ந்து ஒலிக்கின்றது.

அக்காலத்தில் இசைத்தட்டுக் கடையின் மேசையே பரிசீலனைக் களமாக இருந்தது. இசையாளர் தாமே அச்சிட்ட, பெயரற்ற வெள்ளை முத்திரைத் தட்டுக்களைக் காரில் ஏற்றிக் கடைகடையாகச் சென்று கொடுத்தனர். கடையினர் கேட்டுப் பார்த்துச் சில பிரதிகள் வாங்கினர், வாரவிறுதியில் டி.ஜே.கள் அவற்றை ஒலிக்கச் செய்தனர். 1990இல் வார்ப் வெளியிட்ட எல்.எப்.ஓ. குழுவின் தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்தை எட்டியது. 500 பிரதிகளுடன் தொடங்கிய கம்பனி ஓராண்டுக்குள் தேசியச் சந்தையில் இடம்பெற்றது. அதன்பின் அதன் அஞ்சற்பெட்டியில் விழுந்த நாடாக்களை ஒரு கூடத்தினரோ ஒரு கடையினரோ கூடிக் கேட்டல் இயலாததாயிற்று. தெரிவு செய்தல் ஒரு தனித் தொழிலாகப் பிரிந்தது.

5

1990களின் பிற்பகுதியில் மூன்றாவது கட்டம் தொடங்குகின்றது. றோலன்ட் பொறிகளைக் கணினித் திரையில் போலச்செய்யும் மென்பொருட்கள் தோன்றின. புரூட்டிலூப்ஸ் பெல்ஜியத்திலிருந்தும், 2001இல் ஏபிள்ற்றன் லைவ் பேர்லினிலிருந்தும் வெளிவந்தன. 2004இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பீற்போர்ட் என்னும் இணைய இசைக்கடை தொடங்கப்பட்டது. 2008இல் பொதுப்பாவனைக்கு வந்த சவுண்ட்கிளவுட் மூலம், ஒருவர் தம் ஆக்கத்தை ஏற்றி அதன் இரகசிய இணைப்பை மட்டும் கம்பனிக்கு அனுப்புதல் வழக்கமாயிற்று. நாடா வாங்கவும் தபாற்செலவுக்கும் பணம் வேண்டியதில்லை. இலங்கையிலோ பிறேசிலிலோ இருந்துகொண்டு அம்ஸ்டர்டாம் கம்பனிக்கு ஒரே நொடியில் அனுப்பலாம்.

இங்கு நாம் ஓர் அடிப்படை வினாவை எழுப்ப வேண்டும். வைனல் காலத்தில் கம்பனி சிலவற்றையே தெரிந்தெடுத்ததற்கு ஒரு பொருளியல் நியாயம் இருந்தது. 500 தட்டுக்களை அச்சிட முதல் வேண்டும். அவை விற்காது தேங்கினால் இழப்பு கம்பனிக்கே. மின்கோப்பு வெளியீட்டில் பிரதிக்கான செலவு ஏறத்தாழச் சுழியம். ஆலையும் இல்லை, தேங்கும் சரக்கும் இல்லை. அவ்வாறாயின் வாயில் ஏன் இன்னும் நிற்கின்றது? நின்றதோடன்றி, ஏன் முன்னிலும் ஒடுங்கியது?

விடை இதுவே: அருமையான பொருள் இடம் மாறிவிட்டது. முன்னர் அருமையாக இருந்தது தட்டு; இப்போது அருமையாக இருப்பது கேட்போரின் கவனம். கம்பனியின் பெயர், அதனைப் பின்தொடர்வோர் தொகை, விற்பனைப் பட்டியல்களிலும் இசைநிரல்களிலும் இடம்பெறும் செல்வாக்கு, புகழ்பெற்ற டி.ஜே.களுடனான தொடர்பு ஆகியனவே இன்று அதன் மூலதனம். இசையாளர் இன்று கம்பனியிடம் வேண்டுவது அச்சிடலையன்று, கேட்கப்படுதலையே. ஆனால் அதற்கு விலையாகக் கேட்கப்படுவது பழைய விலையே. இசையின் உரிமையை, பெரும்பாலும் நீண்ட காலத்துக்கு, எழுதிக்கொடுக்க வேண்டும்.

மாதிரிப் பதிவு அனுப்புவோருக்குக் கம்பனிகள் விதிக்கும் நிபந்தனைகளை நோக்கின் இம்மாற்றம் புலனாகும். ஆக்கம் முடிவுற்றதாக, உடனே வெளியிடத் தக்கதாக இருத்தல் வேண்டும்; எங்கும் வெளிவந்திருத்தலாகாது; பல கம்பனிகளுக்கு ஒரே வேளையில் அனுப்புவது விரும்பப்படாது; குறித்த வாரங்களுள் பதில் வராவிடின் ஏற்கப்படவில்லை எனக் கொள்க. ஆக்குதல், கலத்தல், மெருகூட்டல் என்ற எல்லாக் கட்டங்களின் உழைப்பும் செலவும் அனுப்புபவரைச் சார்ந்தன. காத்திருக்கும் காலத்தின் இழப்பும் அவருடையதே. கம்பனியின் கடப்பாடு எதுவுமில்லை. மௌனமே ஒரு பதிலாக விதிக்கப்பட்டுவிட்டது. ஏற்கப்பட்டாலும், இணையக்கடையும் விநியோகத்தரும் தம் பங்கை எடுத்தபின், செலவு கழித்து எஞ்சியதைக் கம்பனியும் இசையாளரும் சரிபாதியாகப் பகிர்தலே சிறு கம்பனிகளிடையே பெருவழக்கு. நூற்றுக்கணக்கானோர் சம்பளமின்றி உற்பத்தி செய்ய, அவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்து, அதற்கும் விற்றபின்னரே பங்கு கொடுக்கும் வசதி எந்தத் தொழிற்சாலை உரிமையாளருக்கும் வாய்த்ததில்லை.

நெதர்லாந்தின் ஸ்பின்னின் கம்பனியின் வரலாறு இக்கட்டத்தின் உச்சத்தைக் காட்டுவதாகும். 1999இல் தொடங்கப்பட்ட அக்கம்பனி, இளைஞர் தம் மாதிரிப் பதிவுகளை ஏற்றவும் பிறர் அவற்றுக்கு வாக்களிக்கவுமான இணையக் களமொன்றையும் நடத்தியது. சிக்காகோ நடனக்கூடத்தின் தீர்ப்பு இங்கே எண்ணிக்கையாக மாறியது. அனுப்பியோரே தம் நண்பர்களைத் திரட்டி வாக்குச் சேர்த்து, கம்பனிக்கு விளம்பரமும் தேடிக்கொடுத்தனர். மார்ட்டின் கரிக்ஸ் என்ற இளைஞர் பள்ளிப்பருவத்திலேயே அக்கம்பனியுடன் ஒப்பந்தம் செய்தார். 2013இல் வெளிவந்த 'அனிமல்ஸ்' அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. 2015இல், ஆக்கங்களின் உரிமை பற்றிய பிணக்கினால் அவர் கம்பனியை விட்டு விலகினார். பிணக்கு நீதிமன்றம் சென்றது. 2017இல் முதல்நிலை நீதிமன்றம் பெரிதும் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு மேன்முறையீட்டிலும் தொடர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஸ்பின்னின் கம்பனியை வார்ணர் மியூசிக் என்ற பன்னாட்டு நிறுவனம் வாங்கியது. விலை பத்துக் கோடி டொலருக்கு மேலெனச் செய்திகள் வெளிவந்தன.

அவ்வழக்கில் எழுந்த முக்கிய பிரச்சினைகளுள் ஒன்று, ஒலிப்பதிவின் உற்பத்தியாளர் யார் என்பது. 1996ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, ஒலியை முதன்முதலிற் பதிவுசெய்யும் முயற்சியை மேற்கொண்டு அதற்குப் பொறுப்பேற்பவரையே உற்பத்தியாளர் என வரையறுக்கிறது. பெருங்கூடத்தைக் கம்பனி வாடகைக்கு எடுத்துக் கொடுத்த காலத்தில் அப்பெயர் இயல்பாகவே கம்பனிக்குப் பொருந்திற்று. இளைஞர் ஒருவர் தம் அறையில், தம் கணினியில், தம் நேரத்தில் அனைத்தையும் செய்து முடித்திருக்கும்போது அது யாருக்குப் பொருந்தும்? உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி, பழைய உற்பத்தி உறவுகளுக்கெனத் தைக்கப்பட்ட சட்டச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் காட்சியை நாம் இங்குக் காண்கிறோம்.

6

தமிழ் மாணவருக்கு வாயில் என்றதும் புறநானூற்றின் 206ஆம் பாடல் நினைவுக்கு வருதல் இயல்பு. அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவையார் அவனது வாயிற்காவலனை நோக்கிப் பாடியதாக அமைந்தது அப்பாடல். புலவர் தம் இசைக்கருவியையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு புறப்பட ஆயத்தமாகிறார். எத்திசை செல்லினும் தமக்கு உணவுண்டு என்ற துணிவு அவரிடம் உண்டு. நிலவுடைமை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த அச்சமூகத்தைப் பொற்காலமெனப் போற்றுதல் நம் நோக்கமன்று. புரவலனைச் சார்ந்த வாழ்வின் இழிவுகளும் அதே தொகைநூலிற் பதிவாகியுள்ளன. எனினும் ஒரு வேறுபாடு தெளிவானது. மன்னன் பாட்டைக் கேட்டான், பரிசளித்தான், அல்லது மறுத்தான். பாட்டை அவன் உடைமையாக்கிக்கொள்ளவில்லை. ஔவையார் வாயிலைவிட்டு நீங்கும்போது அவர் பாட்டும் அவருடனேயே நீங்கிற்று. லரி ஹேர்ட் வாயிலைவிட்டு நீங்கியபோது அவர் பாட்டு உள்ளேயே தங்கிவிட்டது.

இவ்வேறுபாட்டை விளக்குவதற்கு மார்க்ஸ் காட்டிய பிரிவு உதவுகின்றது. தன் விருப்பப்படி பாடும் பாடகியும், தொழில்முதல்வர் ஒருவர் பணம் ஈட்டுவதற்காக அமர்த்திய பாடகியும் பாடுவது ஒரே பாட்டாகலாம். பின்னவரின் உழைப்பே மூலதனத்தைப் பெருக்குவது என்பார் அவர். மாதிரிப் பதிவு அனுப்புபவர் இவ்விரு வகையிலும் அடங்காத மூன்றாமவர். கூலிக்கு அமர்த்தப்படாதவராயினும் அமர்த்தப்பட்டவர்போலக் கம்பனியின் பாணிக்கேற்பத் தம் ஆக்கத்தை முன்கூட்டியே செதுக்குகிறார். அவர் மூலதனத்துக்கு வெளியே நின்றபடி அதன் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார். அவரை மேற்பார்வை செய்ய எவரும் தேவையில்லை. ஏற்கப்படவேண்டும் என்ற ஆசையே மேற்பார்வையாளராக அமைகின்றது. இன்றைய நடன இசையிற் பெரும்பகுதி ஒன்றையொன்று ஒத்திருப்பதற்கான காரணங்களுள் ஒன்று இங்கே உள்ளது. றொன் ஹார்டி நான்கு முறை ஒலிக்கச் செய்த நாடா இன்றைய தெரிவாளர் ஒருவரின் திரையில் வந்து சேர்ந்திருந்தால், முதல் முப்பது நொடிகளுக்குள் மூடப்பட்டிருக்கும்.

கம்பனியைத் தவிர்த்துத் தாமே வெளியிடலாமே என்ற மறுப்பு எழலாம். இன்று எவரும் சிறு கட்டணத்துடன் தம் இசையை இணையத் தளங்களுக்கு அனுப்பலாம் என்பது உண்மை. ஆனால் 2024ஆம் ஆண்டு முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட ஆக்கங்களுக்குப் பணம் கொடாமை என்பதை ஸ்பொட்டிபை தன் விதியாக்கியது. டீசர் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2025 ஏப்ரிலில் வெளியிட்ட தகவலின்படி, அதன் தளத்தில் நாளாந்தம் ஏற்றப்பட்டவற்றுள் 18 சதவீதம், அதாவது 20,000க்கு மேற்பட்டவை, முற்றிலும் செயற்கை நுண்ணறிவினால் ஆக்கப்பட்டவை. கேட்கப்படாத மனிதரின் குரல், எவரும் பாடாத குரல்களின் வெள்ளத்தில் அமிழ்கின்றது. தனியொருவர் இந்த வெள்ளத்தில் நீந்திக் கரையேறலாம். அது ஒரு வர்க்கத்தின் விடுதலையாகாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில. முதலாவது, கருவிகள் மலிந்தமை மட்டும் கலையை ஜனநாயகப்படுத்தவில்லை. அது உற்பத்தியின் செலவையும் இடரையும் உழைப்போர் தோளுக்கு மாற்றியது. இரண்டாவது, சுரண்டலின் தளம் ஆலையிலிருந்து உரிமைப் பத்திரத்துக்கு நகர்ந்தது. எனவே போராட்டமும் அங்கேயே நடைபெற வேண்டும். குறித்த ஆண்டுகளின் பின் உரிமை ஆக்கியவருக்கே மீளல், கணக்குகளைப் பார்வையிடும் உரிமை, எழுத்திலான ஒப்பந்தம், காத்திருக்கும் காலத்துக்கு ஓர் எல்லை ஆகியன புரட்சிகரமான கோரிக்கைகளல்ல. எந்தத் தொழிற்சங்கமும் தன் முதற்கூட்டத்தில் கேட்கக்கூடியவையே. அவற்றைக் கேட்பதற்கான சங்கம் இத்துறையில் வலுப்பெறாமையே குறை. மூன்றாவது, டெற்றோயிற்றின் விநியோகக் கூட்டமைப்பும் சிக்காகோ நடனக்கூடத்தின் கூட்டுத் தீர்ப்பும் தனித்தனியே தோல்வியுற்றவையாகத் தோன்றலாம். இரண்டும் ஒரே கையில் இருந்திருப்பின் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வாய்வை எழுதும் நாமும் இந்த உறவுகளுக்கு வெளியே நிற்பவரல்லர். ஊதியமின்றி எழுதி, ஊதியமின்றி மதிப்பீடு செய்யப்பட்டு, பதிப்புரிமையைப் பன்னாட்டு வெளியீட்டாளரிடம் எழுதிக்கொடுத்து, பின்னர் நம் கட்டுரையையே நம் நூலகம் பணம் கொடுத்து வாங்குவதைப் பல்கலைக்கழகத்தார் நன்கறிவர். நாடாவைக் கையில் ஏந்தி வாயிலில் நிற்கும் அந்த இளைஞரை நாம் எட்டநின்று ஆராய்வது பொருந்தாது. அவருக்கு அடுத்து, அதே வரிசையில், நாமும் நின்றுகொண்டிருக்கிறோம்.